கிளம்பும் முன்பே வந்த புறா

ஞாயிற்றுக்கிழமை காலையில் பிரிண்ட் அக்காவின் கடைக்கு அதிகம் பேர் வருவதில்லை. அன்றைக்கு வந்திருந்தவர் ஒரே ஒருவர், வாடகை ஒப்பந்தத்தை இரண்டு பக்கமும் நகல் எடுக்க. காகிதம் மெஷினுக்குள் பாதி போய்க்கொண்டிருக்கும்போது நாத்தனார் மூச்சிரைக்க ஓடி வந்து வாசலில் நின்றாள். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது.

“அண்ணி, கடையைச் சாத்துங்க. நம்ம புறா கிளம்புறதுக்கு முன்னாடியே வந்து சேர்ந்துடுச்சாம்!”

“என்னடி உளர்றே?”

“நான் உளறலை, நம்ம கம்ப்யூட்டர்தான் உளறுது. ஆறு மணிக்குத் திறந்து விட்ட புறா அஞ்சு பதினொண்ணுக்கே வீட்டுக்கு வந்துடுச்சுன்னு எழுதி வச்சிருக்கு. கிளப்புல எல்லாரும் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறாங்க. அண்ணன் முகத்தைப் பார்க்க முடியலை.”

நகல் எடுக்க வந்தவருக்கு ஒப்பந்தம் மறந்துபோய்விட்டது. “எந்தப் புறா?” என்று கேட்டார். பிரிண்ட் அக்கா அவர் கையில் நகலைத் திணித்து, ஷட்டரைப் பாதிக்கு இறக்கினாள்.

அவளை எல்லாரும் பிரிண்ட் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், அவளைவிடப் பத்து வயது மூத்தவர்கள்கூட. கட்டியவர் லேத்துப் பட்டறையில் இரும்பு கடைபவர். பட்டறை விட்டால் மொட்டை மாடி, மாடி விட்டால் பட்டறை. மாடியில் இருபத்தெட்டுப் பந்தயப் புறாக்கள். ஒன்பது வருஷமாக வளர்க்கிறார். மூன்றாவது இடம் இரண்டு தடவை, இரண்டாவது இடம் ஒரு தடவை. கோப்பை மட்டும் கைக்கு எட்டியதே இல்லை. நெற்றியில் வெள்ளைப் புள்ளி வைத்த பெட்டை ஒன்று இந்த வருஷம் நன்றாகப் பறந்தது. அதற்குப் பொட்டுக்காரி என்று பெயர் வைத்து, வீட்டில் மனிதர்களிடம் பேசுவதைவிட அதனிடம் அதிகம் பேசிக்கொண்டிருந்தார்.

பந்தயம் ஒன்றும் சிக்கலானதில்லை. முந்தின நாள் சாயங்காலம் கிளப்பில் உள்ள பத்தொன்பது வீட்டுப் புறாக்களையும் வேனில் ஏற்றி, இருநூறு கிலோமீட்டர் தள்ளியுள்ள ஊருக்குக் கொண்டுபோவார்கள். காலை ஆறு மணிக்குக் கூண்டைத் திறந்து விடுவார்கள். ஒவ்வொரு புறாவின் காலிலும் ஒரு மின் வளையம். வீட்டுக் கூண்டு வாசலில் ஒரு தட்டு. புறா தட்டில் கால் வைத்ததும் ‘பீப்’ என்று ஒரு சத்தம் வரும், பக்கத்தில் இருக்கும் கம்ப்யூட்டர் அந்த நேரத்தை நொடி சுத்தமாக எழுதிவிடும். வீட்டுக்கு வீடு தூரத்தில் இருக்கும் சிறு வித்தியாசத்தைக் கிளப் செயலாளர் கணக்குப் போட்டுச் சரிக்கட்டிவிடுவார். கம்ப்யூட்டர்கள் எல்லாம் எவர் வீட்டிலோ கழித்துப் போட்ட பழைய டெஸ்க்டாப்புகள். அந்தக் கிழட்டு மெஷின்களில் தடங்கல் இல்லாமல் ஓடுவது லினக்ஸ் இயங்குதளம் ஒன்றுதான் என்பதால் கிளப்பின் புரோகிராமும் அதற்காகவே எழுதப்பட்டது.

போன வாரம் அவர்கள் வீட்டு மெஷினின் டிஸ்க் செத்துப்போனது. பிரிண்ட் அக்காதான் அதைக் கடைக்குத் தூக்கி வந்து, வேறு டிஸ்க் மாட்டி, பென் டிரைவிலிருந்து லினக்ஸைப் புதிதாகப் போட்டு, கிளப் புரோகிராமையும் ஏற்றி, மறுபடி மாடிக்கு அனுப்பினாள். எல்லாம் நாற்பது நிமிஷ வேலை. அந்த நாற்பது நிமிஷத்தை நினைத்து அவளுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. இப்போது கிளப்பை நோக்கி நடக்கும்போது அந்தப் பெருமை இருந்த இடம் தெரியவில்லை.

கிளப் என்பது சைக்கிள் ரிப்பேர் கடைக்கு மேலே ஒரு அறை. இரும்புப் படியேறும்போதே சிரிப்புச் சத்தம் கேட்டது. பேக்கரிக்காரரின் குரல் எல்லாவற்றுக்கும் மேலாக ஒலித்தது. நாலு வருஷமாகத் தொடர்ந்து கோப்பை வாங்குபவர் அவர். இந்தத் தடவையும் எட்டு நாற்பத்துமூன்றுக்குத் தன் புறா வந்த காகிதத்தை நீட்டிவிட்டு, கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

“இல்லை, எனக்கு ஒரு சந்தேகம். நேத்து வேன்ல ஏத்தினப்பவே இந்தப் புறா ஜன்னல் வழியா இறங்கிடுச்சோ?” என்றார் அவர். “இல்லைன்னா லேத்துக்காரர் புதுசா ராக்கெட் ஏதாவது கடைஞ்சு மாட்டி விட்டாரா?”

லேத்துக்காரர் மூலையில் உட்கார்ந்து நகக்கண்ணில் படிந்த கிரீஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவியைப் பார்த்ததும், “நான் ஒண்ணும் தொடலைம்மா. பீப் சத்தம் கேட்டுச்சு, பென் டிரைவ்ல காப்பி பண்ணேன், ஓடி வந்தேன். அவ்வளவுதான்” என்றார் தாழ்ந்த குரலில்.

செயலாளர் மருந்துக்கடை வைத்திருப்பவர். மாத்திரை அட்டையை எண்ணும் அதே நிதானத்தோடு காகிதத்தை அவளிடம் நீட்டினார். 05:11:07. அவள் அதை இரண்டு தடவை படித்தாள். கண்ணை மூடினாள். லினக்ஸ் போடும்போது திரையில் வந்த உலக வரைபடம் நினைவுக்கு வந்தது. ‘உங்கள் ஊர் எது’ என்று கேட்டு, ஊர் ஊராகப் புள்ளி வைத்திருந்த படம். அந்த நேரம் பார்த்து ஒருவர் வந்து அவசரமாக நான்கு போட்டோ வேண்டும் என்றார். மவுஸை நகர்த்தினாள், எங்கேயோ ஒரு புள்ளி சிவந்தது, ‘அடுத்து’ என்பதை அழுத்தினாள். எந்தப் புள்ளி என்று பார்க்கவே இல்லை.

“சார், தப்பு புறா மேலயும் இல்லை, இவர் மேலயும் இல்லை,” என்றாள். “என் மேல. கம்ப்யூட்டருக்கு நாம எந்த ஊர்ல இருக்கோம்னு சொல்லணும். சொன்னாத்தான் அந்த ஊர் மணியைக் காட்டும். நான் அவசரத்துல எந்த ஊரையோ சொல்லித் தொலைச்சிருக்கேன். நம்ம மெஷின் இங்கே உட்கார்ந்துக்கிட்டு வேற ஏதோ ஊர் மணியை எழுதிக்கிட்டிருக்கு.”

அறையில் சிரிப்பு சற்று அடங்கியது. செயலாளர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். “லேத்துக்காரரே, புறா நிஜத்துல எத்தனை மணிக்கு வந்துச்சு?”

“எட்டரைக்கு மேல. ஒன்பதுக்குள்ள. நான் எங்கே சார் வாட்ச் கட்டுறேன்? லேத்துல நிக்கிறவன் கையில வாட்ச் கட்டினா கையே போயிடும்.”

“அப்படின்னா மூணரை மணி நேர வித்தியாசம்.” செயலாளர் காகித ஓரத்தில் கூட்டினார். “எட்டு நாற்பத்தொண்ணு.” எழுதியதை மறுபடி பார்த்தார். “முதல் இடம்.”

பேக்கரிக்காரர் காலைக் கீழே இறக்கினார். லேத்துக்காரர் தலை தூக்கினார். ஒன்பது வருஷத்தில் அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவள் பார்த்ததில்லை.

“சும்மா கூட்டிக் குடுத்துட முடியாது,” என்றார் பேக்கரிக்காரர். “அப்புறம் ஆளாளுக்கு மணி நேரத்தைக் கூட்டுவாங்க, கழிப்பாங்க.”

“நியாயம்தான். பிரிண்ட் அக்கா, பன்னெண்டு மணிக்குள்ள மெஷினைப் பார்த்து, மூணரை மணி நேரம்தான்னு ஆதாரத்தோட கொண்டு வாங்க. அதுக்கப்புறம் ஏட்டை மூடிடுவேன்.”

அவள் நாத்தனாரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு விரைந்தாள். படியிறங்கும்போது யாரோ லேத்துக்காரரின் முதுகில் தட்டிக் கைகொடுக்கும் சத்தம் கேட்டது.

மொட்டை மாடியில் தகரக் கொட்டகை கொதித்தது. புறா எச்சமும் தானியத் தூசியும் கலந்த வாசனை. பொட்டுக்காரி தண்ணீர்க் கிண்ணத்தின் விளிம்பில் நின்று, உலகத்தில் ஒன்றுமே நடக்காதது போல இறகு கோதிக்கொண்டிருந்தது. பிரிண்ட் அக்கா முக்காலியை இழுத்துப் போட்டு, கறுப்புத் திரையைத் திறந்து, நேர விவரம் காட்டும் timedatectl கட்டளையை அடித்தாள். ஏழெட்டு வரி வந்து விழுந்தது. நேர மண்டலம் என்ற வரியில், கடலுக்கு அப்பால் அவள் வாழ்நாளில் கேள்விப்பட்டிராத ஒரு நகரத்தின் பெயர். உச்சரிக்கக்கூட வரவில்லை.

“எங்கேடி இருக்கு இந்த ஊரு?”

நாத்தனார் போனில் தேடினாள். “நமக்கு மூணரை மணி நேரம் பின்னாடி, அண்ணி. சரியா மூணரை. படத்துல அழகா இருக்கு, ஒரு தடவை போகலாம்.”

“வாய் மூடு.” ஆனால் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. நேர மண்டலத்தை மாற்றும் கட்டளையைத் தங்கள் ஊருக்கானதோடு சேர்த்து அடித்தாள். கடவுச்சொல் கேட்டது, கொடுத்தாள். திரையின் மூலையில் இருந்த கடிகாரம் ஒரே தாவலில் மூன்றரை மணி நேரம் முன்னால் வந்து நின்றது.

10:58.

பழக்க தோஷத்தில் தன் போனைப் பார்த்தாள். 11:02.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். மெஷினில் பத்து ஐம்பத்தெட்டுதான். போனில் பதினொன்று இரண்டுதான். நாத்தனாரின் போனும் பதினொன்று இரண்டு என்றது.

மேலே இருந்த வரிகளுக்குக் கண் போனது. ‘கடிகாரம் ஒத்திசைக்கப்பட்டதா’ என்ற இடத்தில் ‘இல்லை’ என்று இருந்தது. இருக்கத்தானே செய்யும்? மாடிக்கு இன்டர்நெட் வயர் வரவில்லை. நெட் இருந்தால் மெஷின் தானாகவே சரியான நேரத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். இல்லாவிட்டால் உள்ளே வட்டப் பேட்டரியில் ஓடும் கடிகாரம் காட்டியதுதான் நேரம். அந்தப் பேட்டரி பத்து வருஷம் பழசு. மெஷின் அணைந்து கிடந்த நாட்களில் அது சொட்டுச் சொட்டாக நேரத்தைத் தவறவிட்டிருக்கிறது. விடிகாலையில் சுவிட்சைப் போட்டபோதே கடிகாரம் பின்தங்கித்தான் எழுந்திருக்கிறது.

சந்தேகத்துக்கு இடம் வைக்கக் கூடாது என்று ஒரு சாம்பல் நிறப் புறாவைப் பிடித்துத் தட்டின் மேல் நிறுத்தினாள். பீப். போனில் 11:06:20. மெஷின் எழுதியது 11:02:22. மெஷின் காலையிலிருந்து அணையவே இல்லை என்பதையும் பதிவேட்டைத் திறந்து பார்த்து உறுதி செய்துகொண்டாள். ஓடும்போது அது நழுவுவதில்லை. இப்போது எவ்வளவு பின்தங்கியிருக்கிறதோ, பொட்டுக்காரி வந்தபோதும் அவ்வளவேதான்.

எட்டு நாற்பத்தொன்று இல்லை. எட்டு நாற்பத்தைந்து.

“என்ன அண்ணி, முகம் ஏன் இப்படிப் போச்சு?”

அவள் சொன்னாள். நாத்தனார் கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

“போனை வயர்ல மாட்டி நெட் குடுத்தா என்ன ஆகும்?”

“தானா சரியாயிடும்.”

“ஒரு தடயமும் இல்லாம?”

“அங்கே கேட்டவங்க யாருக்கும் தெரியாது.”

“அப்போ மாட்டுங்க அண்ணி. செயலாளர் மூணரை மணி நேரத்துக்குத்தானே ஆதாரம் கேட்டாரு? அது பொய்யா? இல்லையே. ஊரு தப்பா இருந்துச்சு, மாத்திட்டோம். இந்த நாலு நிமிஷத்தை யாரு கேட்டாங்க? அண்ணன் ஒன்பது வருஷமா...” அவள் பொட்டுக்காரியைக் கை காட்டினாள். “அந்தப் பேக்கரிக்காரர் பேசினதைக் கேட்டீங்கள்ல?”

பிரிண்ட் அக்கா வயரைப் பார்த்தாள். மேஜை மேல்தான் கிடந்தது. மாட்டினால் போதும், ஒரு நொடி வேலை. கிளப் அறையில் பார்த்த கணவரின் முகம் கண் முன்னால் நின்றது. அந்த முகத்துக்காக எதையும் செய்யலாம் என்றுதான் தோன்றியது. பொய்கூட இல்லை, சும்மா இருப்பதுதான்.

ஆனால் அவள் கடையில் ஒரு எழுத்துப் பிழையோடு ஒரு காகிதம் வெளியே போனதில்லை. பிறந்த தேதியில் ஒரு எண் மங்கலாக விழுந்தால்கூட, ‘பரவாயில்லை அக்கா, குடுங்க’ என்று வந்தவரே சொன்னாலும், கிழித்துப் போட்டுவிட்டு வேறு எடுத்துத் தருவாள். அந்த ஒரு பிடிவாதத்தில்தான் கடை நிற்கிறது. அவளும் அதில்தான் நிற்கிறாள்.

“உன் போனை எடு,” என்றாள். “என் போனை ஸ்கிரீன் பக்கத்துல பிடிக்கிறேன். ரெண்டு மணியும் தெரியற மாதிரி ஒரு படம் எடு.”

“அண்ணி!”

“நான் கை வச்ச மெஷின் இது. மூணரை மணி நேரத் தப்பை ஒத்துக்கிட்டு நாலு நிமிஷத் தப்பை மறைச்சேன்னா, நாளைக்கு என் கண்ணாடியில நானே என்னைப் பார்க்க முடியாது. எடு.”

நாத்தனார் படம் எடுத்தாள். அவசரத்தில் முதல் படம் கலங்கியது, இரண்டாவது சரியாக விழுந்தது. அதற்குப் பிறகுதான் பிரிண்ட் அக்கா போனை வயரில் மாட்டி நெட் கொடுத்தாள். சில நொடிகளில் ‘ஒத்திசைக்கப்பட்டதா’ என்பதற்கு ‘ஆம்’ என்று பதில் வந்தது. சரியான நேரத்தை மெஷினின் உள்கடிகாரத்திலும் எழுதி வைத்துவிட்டு எழுந்தாள்.

கிளப்பில் அவர்களுக்காகவே காத்திருந்தார்கள். செயலாளர் மேஜை மேல் கோப்பையைத் துடைத்து வைத்திருந்தார். பிரிண்ட் அக்கா கணவர் பக்கம் பார்க்காமல் பேசினாள். பார்த்தால் பேச்சு வராது என்று அவளுக்குத் தெரியும். மூன்றரை மணி நேரம் என்றாள், ஊர் பெயரைக் காட்டினாள். பின்பு நான்கு நிமிஷம் என்றாள், படத்தைக் காட்டினாள். பேட்டரியைப் பற்றிச் சொன்னாள். “எங்க புறா வந்தது எட்டு நாற்பத்தஞ்சு சார். நாற்பத்தொண்ணு இல்லை” என்று முடித்தாள்.

செயலாளர் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு ஏட்டைத் திறந்தார்.

பேக்கரிக்காரர்தான் முதலில் வாய் திறந்தார். எழுந்து நின்றே விட்டார். “அக்கா, மனுஷின்னா நீங்கதான் மனுஷி! இந்த மாதிரி நேர்மையை நான் பார்த்ததே இல்லை. செயலாளரே, எழுதுங்க இதை. ஏட்டுல எழுதுங்க!” கோப்பையின் பக்கமாக ஓரடி நகர்ந்தும் விட்டார்.

“ஒரு நிமிஷம்,” என்றாள் பிரிண்ட் அக்கா. “எங்க மெஷின் மட்டும்தான் தப்பா இருக்குமா? பத்தொன்பது வீட்டுலயும் இதே மாதிரி பழைய மெஷின்தான். முக்கால்வாசி வீட்டு மாடிக்கு நெட் கிடையாது. எங்களோடதைப் பார்த்தோம். மத்தவங்களோடதையும் பார்க்கணும் இல்லையா?”

பேக்கரிக்காரரின் சிரிப்பு அப்படியே நின்றது. செயலாளர் கழுத்தைச் சொறிந்தார். “அம்மா, இத்தனை வருஷமா யாரும் கேட்டதில்லை. இப்போ வீடு வீடா மாடியேறணும்னா... ஞாயித்துக்கிழமை வேற. எல்லாரும் சாப்பிடப் போகணும்.”

ஆளாளுக்கு முணுமுணுத்தார்கள். ஒருவர் முழங்கால் வலி என்றார். இன்னொருவர், பொம்பளைப் பேச்சைக் கேட்டு என்று ஆரம்பித்தார்.

நாற்காலி தரையில் உரசும் சத்தம் கேட்டது. லேத்துக்காரர் எழுந்திருந்தார். முகத்தில் இன்னும் வேதனை இருந்தது, அதை அவர் மறைக்கவும் இல்லை. மனைவியின் தோளில் தொங்கிய பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

“முதல் இடத்தை இப்பத்தான் இழந்தவன் நான். நானே வர்றேன். சாப்பாட்டுக்குப் பசிக்கிறவங்க சாப்பிடப் போங்க, வாசல் கதவை மட்டும் திறந்து வச்சுட்டுப் போங்க,” என்றார். “நட, போகலாம்.”

செயலாளர் ஏட்டை இடுக்கிக்கொண்டு பின்னால் வந்தார். பேக்கரிக்காரரும் வந்தார். தன் வீட்டையே முதலில் பார்க்க வேண்டும் என்று அடம் பிடித்தார். அவருடைய கடிகாரம் ஒரு நொடிகூடப் பிசகவில்லை. “ரொட்டி அடுப்போட பிழைக்கிறவன் நான். நிமிஷம் தப்பினா கருகிடும்” என்று மார் தட்டிக்கொண்டார். அடுத்த வீட்டில் நாற்பது நொடி தாமதம். அதற்கடுத்த வீட்டில் ஒரு நிமிஷம் வேகம். பார்த்த வரையில் எந்த வீட்டிலும் வரிசை மாறுமளவுக்கு ஒன்றுமில்லை. ஒவ்வொரு மாடியிலும் பிரிண்ட் அக்கா முக்காலியில் உட்கார்ந்து, கட்டளையை அடித்து, ஒரு புறாவைத் தட்டில் நிறுத்திப் பார்த்து, வித்தியாசத்தைச் சொல்ல, செயலாளர் எழுதிக்கொண்டார்.

இரண்டாவது தெரு தாண்டும்போது கணவர் அவள் பக்கத்தில் வந்து நடந்தார்.

“கோபமா?” என்று கேட்டாள்.

“இல்லைன்னு சொன்னா பொய். கோப்பையை எங்கே வைக்கலாம்னு அலமாரியில இடம்கூட மனசுல பிடிச்சுட்டேன்.” பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார். “ஆனா பட்டறையில ஒரு துண்டு நூல் அளவு கூடிப்போனா நான் என்ன பண்ணுவேன்? யாருக்குத் தெரியப்போகுதுன்னு மாட்டி அனுப்புவேனா? தூக்கிப் போட்டுட்டு மறுபடி கடைவேன். நீ உன் வேலையில அதைத்தானே பண்ணே? அங்கே நின்னு நீ பேசினப்ப, இது என் பொண்டாட்டின்னு கத்தணும் போல இருந்துச்சு. அழுகையும் வந்துச்சு. ரெண்டும் ஒண்ணா வந்ததால ஒண்ணும் பண்ணலை.”

அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. தெருவில் நடப்பதால் பையின் வாரைச் சரி செய்வது போல அவர் தோளைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள்.

கடைசியாகப் போனது இஸ்திரிக்காரர் வீடு. கிளப்பில் வாயே திறக்காத மனிதர் அவர். மூலையில் உட்காருவார், முடிவைக் கேட்பார், எழுந்து போவார். இந்தத் தடவை அவர் புறாவின் நேரம் எட்டு ஐம்பத்திரண்டு. ஏழாவது இடம். “என்னோடதை எதுக்கு அக்கா பார்க்கிறீங்க? ஜெயிச்சவங்களோடதைப் பாருங்க” என்று கூச்சப்பட்டுக்கொண்டே மாடிக்கு வழிவிட்டார்.

பிரிண்ட் அக்கா தட்டில் புறாவை நிறுத்தினாள். பீப். திரையைப் பார்த்தாள். போனைப் பார்த்தாள். இன்னொரு தடவை நிறுத்திப் பார்த்தாள்.

“அண்ணே, இந்தக் கடிகாரத்தை யாராவது மாத்தினீங்களா?”

“நான்தான். ஏன்?”

“பத்து நிமிஷம் வேகமா ஓடுது.”

“ஆமா,” என்றார் அவர், இதில் என்ன அதிசயம் என்பது போல. “பத்து நிமிஷம் கூட்டித்தான் வச்சிருக்கேன். எங்க வீட்டுல எல்லாக் கடிகாரமும் அப்படித்தான். காலையில ஆபீஸ் போறவங்க சட்டைக்கு வந்து நிப்பாங்க, கடை திறக்க லேட்டாகக் கூடாது பாருங்க.”

அவர் மனைவி கீழேயிருந்து குரல் கொடுத்தார்: “கூட்டி வைக்கலைன்னா இந்த மனுஷன் எழுந்திருக்கவே மாட்டாரு!”

“ஆனா அண்ணே, ரேஸ் நேரத்தையும் இதுதானே எழுதுது?”

“அதுக்கு கிளப் புரோகிராம் தனியா நேரம் வச்சிருக்கும்னு நினைச்சேனே.” இஸ்திரிக்காரர் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். “வீட்டுல நாங்க எல்லாரும் மனசுக்குள்ள பத்தைக் கழிச்சுக்குவோம். அது கழிச்சுக்காதா?”

“கழிச்சுக்காது, அண்ணே.”

செயலாளர் ஏட்டை மாடிச் சுவர் மேல் வைத்துக் கணக்குப் போட்டார். எட்டு ஐம்பத்திரண்டில் பத்து போனால் எட்டு நாற்பத்திரண்டு. பேக்கரிக்காரருக்கு நாற்பத்துமூன்று. லேத்துக்காரருக்கு நாற்பத்தைந்து. பேனாவை மூடி, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“இஸ்திரிக்காரரே, முதல் இடம் உங்களுக்கு.”

அவர் நம்பவில்லை. “விளையாடாதீங்க சார்” என்றார். பிறகு, “எப்போ மாத்தி வச்சேன் இதை? ரெண்டு வருஷம் இருக்குமா?” என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். இரண்டு வருஷமாக ஆறாவது, ஏழாவது, எட்டாவது. அவருடைய புறாக்கள் மந்தம் என்று அவரே முடிவு கட்டி, போன மாதம் பாதியை விற்றுவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாராம். கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, உள்ளே உட்கார்ந்திருந்த ஒல்லி ஆண் புறாவைப் பார்த்து, “டேய், நீ மந்தம் இல்லையாடா! நான்தான்டா மந்தம்!” என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

“பழைய ரேஸையெல்லாம் கிளறிடாதீங்கம்மா, கையெடுத்துக் கும்பிடுறேன்” என்று செயலாளர் பிரிண்ட் அக்காவிடம் மெதுவாகச் சொன்னார்.

“எனக்கு இது ஒண்ணு போதும் சார்,” என்றார் இஸ்திரிக்காரர்.

பேக்கரிக்காரருக்குத்தான் பொறுக்கவில்லை. “ரெண்டு வருஷமா கிடந்ததை இன்னிக்குத்தான் நோண்டணுமா? சும்மா இருந்தா நான்...” என்று இழுத்தார்.

“சும்மா இருந்திருந்தா நான்தான் ஜெயிச்சிருப்பேன், நீங்க இல்லை,” என்றார் லேத்துக்காரர். “மூணாவது வந்தவன் நானே சிரிக்கிறேன். நீங்களும் கொஞ்சம் சிரிங்க.” பேக்கரிக்காரர் முறைத்தார். ஆனாலும் கீழே இறங்கியபோது இஸ்திரிக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கத்தான் செய்தார்.

மூன்று வாரம் கழித்து அடுத்த பந்தயம். கிளப்பில் புது விதி எழுதிவிட்டார்கள். பந்தயத்துக்கு முந்தின நாள் ஒவ்வொரு வீட்டு மெஷினின் நேரமும் நேர மண்டலமும் பார்த்துக் கையெழுத்தாக வேண்டும். பார்ப்பது பிரிண்ட் அக்கா. எல்லா மெஷினுக்கும் புது வட்டப் பேட்டரி போட்டாள். போனிலிருந்து நெட் கொடுத்து நேரத்தை ஒத்திசைத்தாள். பத்தொன்பது வீட்டு வாசலிலும் அவளுக்கு முன்னால் நின்று கதவைத் தட்டியவர் அவள் கணவர்தான்.

“கிளப்போட நேர அதிகாரி வந்திருக்காங்க,” என்பார் சத்தமாக.

“என்னங்க இது, தெருவே பார்க்குது,” என்று அவள் பல்லைக் கடிப்பாள்.

“பார்க்கட்டும்.”

பேக்கரிக்காரர் வீட்டில் கொட்டகையைக் கழுவி, முக்காலிக்குப் பதிலாக நாற்காலியே போட்டு வைத்திருந்தார்கள். “நாங்க எப்பவும் கரெக்ட்” என்று அவர் கை கட்டி நின்றார். பிரிண்ட் அக்கா பார்த்துவிட்டு, “ரெண்டு செகண்டு குறைச்சல், அண்ணே” என்றாள். அவர் அலறியது பக்கத்து மாடிப் புறாக்களைக் கிளப்பிவிட்டது.

கடைசியாகத் தங்கள் வீட்டுக்கே வந்தபோது அவள் மெஷின் முன்னால் உட்காரவில்லை. தன் வீட்டுக் கடிகாரத்துக்குத் தானே கையெழுத்துப் போட மாட்டேன் என்று முதல் நாளே சொல்லியிருந்தாள். இஸ்திரிக்காரரை வரச் சொல்லியிருந்தாள். அவர் குளித்து, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை போட்டு வந்தார். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடிக் கட்டளையை அடித்தார். வரிகள் வந்து விழுந்ததும் விரலை ஒவ்வொன்றின் கீழும் ஓட்டி, போனோடு ஒப்பிட்டு, மறுபடியும் ஒப்பிட்டு, நிமிர்ந்தார்.

“நம்ம ஊருதான் போட்டிருக்கு. நேரமும் சரியா இருக்கு அக்கா. நொடிகூட மாறலை,” என்றார்.

“தெரியும்,” என்றாள் பிரிண்ட் அக்கா, பேனாவை அவரிடம் நீட்டியபடி.